மூன்று விநாடி மௌனம்

ஆன்லைன் போக்கரில் எதிராளியின் வேகத்தைப் படித்தே ஜெயிக்கலாம் என்று நம்பும் நம் பிள்ளைகளுக்காக…

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சம்பள நாள் சாயங்காலம் லயத்துக்குப் பின்னால் பாய் விரிப்பார்கள். ரம்மி நடக்கும். என் பெரியப்பா அந்தப் பாயில் உட்கார்ந்தால் கையிலிருக்கும் சீட்டைவிட எதிரே இருக்கும் ஆளைத்தான் அதிகம் பார்ப்பார். "சீட்டு எடுத்ததும் பீடியைத் தட்டுறான்னா அவனுக்குக் கை சேர்ந்துருச்சுன்னு அர்த்தம்" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். அதில் மந்திரம் எதுவும் இல்லை. விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலிருந்து ஸ்டோரில் பால் நிறுக்கும் வரை அந்த மனிதரோடு இருபது வருஷம் பழகியவர் அவர்.

அந்தத் தோட்டங்களில் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்துப் பிள்ளைகளின் பிள்ளைகள் ஈப்போவில் குடியிருக்கிறார்கள். பாய் போய்விட்டது; சீட்டு கைப்பேசிக்குள் ஏறிக்கொண்டது. உறவுக்காரப் பையன் ஒருவன் என்னிடம் சொன்னான்: "இது லக்கு இல்ல மாமா. எதிராளி எத்தனை செகண்ட்ல அடிக்கிறான்னு பார்த்தே அவன் கையில என்ன இருக்குன்னு சொல்லிடுவேன்." அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. அந்த உண்மை எவ்வளவு பெறும் என்பதுதான் கேள்வி.

தொகை பேசாத ஆட்டம்

அவன் ஆடுவது 'லிமிட்' போக்கர். இதில் எவ்வளவு பந்தயம் வைக்கலாம் என்பது முன்பே தீர்மானமானது. 2-4 ரிங்கிட் மேசை என்றால் முதல் இரண்டு சுற்றில் பந்தயம் 2 ரிங்கிட், கடைசி இரண்டு சுற்றில் 4; இதுதான் 'பெரிய பந்தயம்'. ஒரு சுற்றில் ஒரு பந்தயமும், வழக்கமாக அதற்கு மேல் மூன்று ஏற்றமும்தான். முழுப் பணத்தையும் தள்ளி எதிராளியை மிரட்ட வழியில்லை. ஆகவே தொகையிலிருந்து எதுவும் தெரியாது. திரையில் முகமும் இல்லை, நடுங்கும் விரலும் இல்லை. மிச்சம் ஒன்றே ஒன்று: பொத்தானை அழுத்த அவர் எடுத்துக்கொள்ளும் நேரம்.

நேரம் பேசத்தான் செய்கிறது. பந்தயம் வந்த மறுகணமே ஒருவர் ஈடு கட்டினால் அவரிடம் பெரும்பாலும் நடுத்தரச் சீட்டோ, இன்னும் ஒரு சீட்டு வந்தால் சேரக்கூடிய கையோ இருக்கும். நல்ல கை இருந்தால் 'ஏற்றலாமா' என்று ஒரு நொடியாவது யோசித்திருப்பார். பந்தயம் வைக்காமல் சட்டென்று 'செக்' கொடுப்பவர், முறை வரும் முன்பே பொத்தானைத் தேர்ந்து வைத்துவிட்டு அந்த ஆட்டத்தைக் கைவிட்டவராக இருக்கலாம். வெகுநேரம் தயங்கிவிட்டுக் கடைசிச் சுற்றில் ஏற்றுபவரிடம் எச்சரிக்கை வேண்டும். அந்தத் தயக்கம் பல நேரம் நடிப்பு. சீட்டாடிகளின் உடல்மொழி பற்றி 1984-இல் புத்தகம் எழுதிய அமெரிக்கரான மைக் காரோவின் அடிப்படைப் பாடமே இதுதான்: பலமுள்ளவர் பலவீனமாக நடிப்பார், பலவீனர் பலசாலியாக நடிப்பார்.

ஆனால் இவை எல்லாம் 'பெரும்பாலும்'தான். ஒரே நேரத்தில் நான்கு மேசையில் ஆடுபவர் தாமதிப்பது யோசனையால் அல்ல. இணையம் இழுத்திருக்கலாம், வாசலில் யாராவது கூப்பிட்டிருக்கலாம். ஓர் ஆளின் வழக்கமான வேகம் தெரிந்தால்தான் வழக்கத்துக்கு மாறான வேகம் கண்ணில் படும். பெரியப்பாவுக்கு அது தெரிந்தது, இருபது வருஷப் பழக்கத்தால். திரையில் இருப்பதோ ஒரு புனைபெயர்.

ஒரு பந்தயம் மட்டுமே

வேகத்தைச் சரியாகவே படித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். கடைசிச் சுற்று. எதிராளி வைத்த பந்தயத்தையும் சேர்த்து நடுவில் 9 பெரிய பந்தயம் கிடக்கிறது. ஈடு கட்ட நமக்கு ஆகும் செலவு 1. அவர் தயங்கிய விதத்தைப் பார்த்து, "நூற்றுக்கு எண்பது அவர்தான் ஜெயிப்பார்" என்று தோன்றுகிறது. சீட்டைக் கவிழ்க்கலாமா? கூடாது. அதே நிலை ஐந்து முறை வந்தால் நான்கு முறை ஒவ்வொரு பந்தயமாக 4 இழப்போம். ஒரு முறை 9 பெறுவோம். கணக்கு நம் பக்கம்தான். பத்தில் ஒரு முறைக்கும் குறைவாக ஜெயிப்போம் என்றால்தான் கவிழ்ப்பது சரி. மூன்று விநாடி மௌனம் அவ்வளவு உறுதியை யாருக்கும் தராது.

ஆக, வேகத்தைப் படிப்பதால் கிடைப்பது எங்கோ ஒரு பந்தயம் கூடுதலாக வாங்குவது, எங்கோ ஒரு பந்தயம் மிச்சம் பிடிப்பது. லிமிட் ஆட்டத்தில் நூறு ஆட்டத்துக்கு ஒன்றிரண்டு பெரிய பந்தயம் லாபம் நின்றாலே கெட்டிக்காரர் என்பார்கள். அதிலும் பெரும்பாலான ஆட்டங்களில் தளம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. சிறிய மேசைகளில் அந்தப் பங்கே பலருடைய திறமையை விழுங்கிவிடும்.

தயங்காத எதிராளி

கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகம் உருவாக்கிய 'போலாரிஸ்' என்ற நிரல், 2007-இல் பில் லாக், அலி எஸ்லாமி என்ற இரு தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் லிமிட் போக்கரில் நூலிழையில் தோற்றது. மறு ஆண்டே லாஸ் வேகஸில் மனிதர்களை வென்றது. 2015 ஜனவரியில் அதே பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பௌலிங் குழு, இருவர் ஆடும் லிமிட் போக்கருக்கு ஏறக்குறைய முழுத் தீர்வே கண்டுவிட்டதாக 'சயின்ஸ்' இதழில் அறிவித்தது. 'செஃபியஸ்' என்ற அந்த நிரல், ஆயிரக்கணக்கான கணினிச் செயலிகளில் இரண்டு மாதத்துக்கும் மேலாகத் தனக்குத்தானே ஆடிப் பழகியது. எதிராளி எத்தனை விநாடி எடுத்தார் என்பது அதன் கணக்கில் எங்குமே இல்லை. அது அவருடைய முகத்தையும் பார்ப்பதில்லை, வேகத்தையும் பார்ப்பதில்லை. அப்படியும் அதை நீண்டகாலத்தில் வெல்ல வழியில்லை. இப்படிப்பட்ட நிரல் ஒன்று புனைபெயரில் நம் எதிரே உட்கார்ந்தால் படிக்க என்ன இருக்கும்?

பணம் போனால் கேட்க ஆளும் இல்லை. மலேசியாவில் சட்டப்படி நடக்கும் ஒரே காசினோ கெந்திங் மலையில் இருக்கிறது. சூதாட்டத்தைக் கட்டுப்படுத்தும் நம் முக்கியச் சட்டங்கள் 1953-ஐச் சேர்ந்தவை. அவற்றின் கீழ் எந்த ஆன்லைன் போக்கர் தளத்துக்கும் இங்கே உரிமம் கிடையாது. ஜெயித்த பணத்தைத் தளம் தர மறுத்தால் எந்தக் கதவைத் தட்டுவது?

தமிழ்நாடு இதில் வேறொரு வேகத்தைக் கவனித்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை 2025-இல் அங்கே தடை வந்தது. சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் அனைத்தையுமே தடைசெய்தது. ஆனால் அந்த நள்ளிரவுக் கணக்கு என் மனத்தில் நின்றுவிட்டது. தோற்றதை மீட்கத் தூக்கமின்றி ஆடுபவனின் விரல், சீட்டைப் பார்க்கும் முன்பே பொத்தானுக்குப் போய்விடும். எதிராளியின் விநாடியை எண்ணுகிறவன் அந்நேரத்தில் தன் விநாடியை எண்ணுவதில்லை.

அந்தப் பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். கடன் சேர்ந்திருந்தால், நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய ஏகேபிகே நிறுவனத்தில் இலவச ஆலோசனை கிடைக்கும் என்பதையும் சொன்னேன். பிறகு பெரியப்பாவைப் பற்றிக் கேட்டான். அவர் அந்தப் பாயில் பெரிதாக ஒன்றும் சம்பாதிக்கவில்லை. நாலு மணிக்கு எழுந்து பால் வெட்டப் போக வேண்டும் என்பதால் ஒன்பது மணிக்குச் சீட்டை மடக்கிவிடுவார். பீடியைத் தட்டிய அந்த மனிதர்தான் அவருக்குக் கடைசி வரை அடுத்த வீட்டுக்காரர். பெரியப்பா இறந்தபோது பாடை தூக்கிய நால்வரில் அவரும் ஒருவர்.