தொட்டுக்க என்ன? ஞாயிற்றுக்கிழமை கிளறி வைக்க ஒரு இனிப்பு - காரத் தொக்கு!

பனியன் கம்பெனிகளில் காலை ஷிப்ட் எட்டரை மணிக்குத் தொடங்கிவிடும். அதற்குள் தண்ணீர் பிடிக்க வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்ப வேண்டும், இரண்டு மூன்று டப்பா கட்ட வேண்டும். ஒன்றரை ஷிப்ட் என்றால் வீடு திரும்ப ராத்திரி ஒன்பது ஆகிவிடும். டைலர், செக்கிங், கைமடி என எந்த வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் வீடானாலும், திருப்பூர் அடுப்படிகளில் காலையில் எழும் கேள்வி ஒன்றுதான்: 'தொட்டுக்க என்ன?'

சட்னி அரைக்க நேரமில்லாத நாளில் பேக்கரி பன்னும் டீயும் காலை உணவாகிவிடுகின்றன. அந்தப் பன்னுக்கும், இட்லிக்கும், சப்பாத்திக்கும், தயிர் சாதத்துக்கும் ஒரே மாதிரி பொருந்துகிற ஒன்றை ஞாயிற்றுக்கிழமையே கிளறி வைத்துவிட்டால்? இனிப்பும் காரமும் புளிப்பும் உப்பும் சேர்ந்த வெங்காயத் தொக்கு அப்படிப்பட்ட ஒன்று. அதில் கொஞ்சம் உப்புக்கண்டமும் சேர்ந்தால் ருசி வேறு உயரத்துக்குப் போய்விடும். ஆனால், கறி சேர்த்ததை வைத்திருக்கும் முறை வேறு, சேர்க்காததை வைத்திருக்கும் முறை வேறு. இந்த வித்தியாசம் தெரிந்தால்தான் இந்தத் தொக்கு வீட்டுக்கு உதவும்.

அமெரிக்காவில் ஜாம், இலங்கையில் சம்பல்

வெளிநாட்டுச் சமையல் வீடியோக்களில் 'பேக்கன் ஜாம்' என்ற ஒன்றைப் பலர் பார்த்திருப்பார்கள். பேக்கன் என்பது பன்றியின் வயிற்றுப் பகுதிக் கறியை உப்பில் ஊறவைத்து, பெரும்பாலும் புகையும் போட்டுப் பதப்படுத்தியது. அதைப் பொடியாக நறுக்கி வறுத்து, வடிகிற கொழுப்பிலேயே வெங்காயத்தை நிதானமாக வதக்கி, பழுப்புச் சர்க்கரையும் வினிகரும் சேர்த்து, சிலர் காபி டிகாக்‌ஷனும் ஊற்றி, ஜாம் பதத்துக்குச் சுண்ட வைப்பார்கள். பிரெட்டில் தடவிச் சாப்பிட ஏற்றது.

பெயர் புதிதாக இருக்கலாம், கைமணம் நமக்குப் பழகியதுதான். இலங்கைத் தமிழர் வீடுகளிலும் சிங்களவர் வீடுகளிலும் செய்யப்படும் சீனிச் சம்பல் இதே குடும்பம். வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, மிளகாய்த்தூள், கறிவேப்பிலை, பட்டை, ரம்பை சேர்த்துச் சிறு தீயில் வதக்கி, புளியும் சீனியும் போட்டு இறக்குவார்கள். அதில் பேக்கனின் வேலையைச் செய்வது மாசிக்கருவாடு. சூரை மீனை அவித்து, புகை காட்டி, வெயிலில் கல் போல உலர்த்தியதுதான் மாசி. பாணுக்கும் அப்பத்துக்கும் இந்தச் சம்பலைத் தொட்டுக்கொள்வார்கள். அதையே உள்ளே வைத்துச் சுட்ட பணிஸ் அங்கே பேக்கரிகளில் தினமும் விற்பனையாகிறது.

பேக்கனும் இல்லை, மாசியும் இல்லை என்றால் கொங்கு நாட்டில் என்ன செய்வது? இருக்கவே இருக்கிறது உப்புக்கண்டம்.

கிடா வெட்டு மிச்சம்

ஃப்ரிட்ஜ் வராத காலத்தில், கோயில் கிடா வெட்டு முடிந்து மீந்த ஆட்டுக்கறியை வீணாக்காமல் காப்பாற்றிய வழி இது. கறியைக் கொழுப்பு நீக்கிச் சின்னத் துண்டுகளாக்கி, கல் உப்பு, மஞ்சள், மிளகாய், பூண்டு அரைத்துப் பிசறி, நூலில் மாலை போலக் கோத்து வெயிலில் கட்டுவார்கள். ராத்திரி வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். நல்ல கோடை வெயிலில் நான்கைந்து நாளில் சருகாகிவிடும்.

உப்பு கறியிலிருந்து ஈரத்தை வெளியே இழுக்கிறது. வெயில் அதை உலர்த்துகிறது. ஈரம் இல்லாத இடத்தில் கிருமிகளால் பெருக முடியாது. கொழுப்பை நீக்குவதற்கும் காரணம் உண்டு. அது உலராது, நாளானால் காறல் வாடை அடிக்கும்.

உலர்த்துகிறவர்கள் கறிமேல் ஈ உட்காராமல் மல்துணி போட்டு மூட வேண்டும். மழை மூட்டமான மாதங்களில் இந்த வேலையில் இறங்கவே கூடாது. அரைகுறையாகக் காய்ந்த கறி, பச்சைக் கறியை விட ஆபத்தானது. கடைகளில் விற்கும் பேக்கனில் கிருமியைத் தடுக்க நைட்ரைட் உப்பு அளவோடு சேர்க்கப்படுகிறது. அதை வீட்டில் செய்து பார்க்கும் ஆசையில் வெடியுப்பைத் தேடிப் போக வேண்டாம். அளவு கொஞ்சம் தவறினாலும் அது விஷம்.

சரக்கு எல்லாம் பக்கத்திலேயே

இந்தத் தொக்குக்கு வேண்டிய பொருள்களுக்குத் திருப்பூர்க்காரர்கள் அலைய வேண்டியதில்லை. பல்லடம், பொங்கலூர், குண்டடம் பக்கம் சின்ன வெங்காயம் விளைகிறது. விலை இல்லாதபோது விவசாயிகள் அதைத் தோட்டத்திலேயே பட்டறை போட்டு வைத்துக் காத்திருப்பார்கள். கிலோ 100 ரூபாயைத் தாண்டிய காலமும் உண்டு, 20 ரூபாய்க்குக் கீழே விழுந்த காலமும் உண்டு. விலை இறங்கும்போது இரண்டு கிலோ கூடுதலாக வாங்கித் தொக்காக்கிவிடுவது குடும்பத்துக்கும் லாபம், விளைவித்தவருக்கும் உதவி.

இனிப்புக்கு ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை இருக்கிறது. பழநி பஞ்சாமிர்தத்துக்குக் கொள்முதல் செய்யப்படும் அதே சரக்கு. கருப்பட்டி பிடித்தவர்கள் அதைப் போடலாம்.

தேவையானவை

உரித்த சின்ன வெங்காயம் - அரை கிலோ
நல்லெண்ணெய் - 100 மில்லி
நாட்டுச் சர்க்கரை அல்லது பொடித்த கருப்பட்டி - 75 கிராம்
புளி - 40 கிராம் (பெரிய எலுமிச்சை அளவு)
காய்ந்த மிளகாய் - 10
பூண்டு - 15 பல்
கறிவேப்பிலை - 2 கொத்து
கடுகு - அரை டீஸ்பூன்
கல் உப்பு - தேவைக்கு
காபி டிகாக்‌ஷன் - 2 டேபிள்ஸ்பூன் (விருப்பப்பட்டால்)
உப்புக்கண்டம் - 100 கிராம் (அசைவத்துக்கு மட்டும்)

செய்முறை

வெங்காயத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு வைத்தால் தோல் எளிதாகக் கழன்று வரும். உரித்ததும் மெல்லிசாக அரிந்துகொள்ளுங்கள். மிக்ஸியில் அரைத்தால் கூழாகிவிடும், ஜாம் போன்ற இழை வராது. மிளகாயையும் பூண்டையும் மட்டும் கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளலாம். புளியைச் சூடான தண்ணீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள்.

அடி கனமான வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, கறிவேப்பிலை தாளித்து வெங்காயத்தைப் போட்டு, தீயைக் குறைத்துவிடுங்கள். இங்கே அவசரம் கூடாது. வெங்காயத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அது மெல்ல வற்ற வற்றத்தான் வெங்காயத்தின் சொந்த இனிப்பு திரண்டு வரும். தீ அதிகமானால் ஓரம் கருகிக் கசக்கும். அரை மணி நேரம் அவ்வப்போது கிளறிக்கொண்டே இருந்தால் வெங்காயம் தேன் நிறத்துக்கு வந்துவிடும்.

இப்போது அரைத்த விழுதைச் சேர்த்துப் பச்சை வாசனை போகும்வரை வதக்குங்கள். புளிக்கரைசல், கொஞ்சம் உப்பு சேர்த்துக் கொதிக்க விடுங்கள். பாதி சுண்டியதும் சர்க்கரையைப் போடுங்கள். சர்க்கரை போட்ட பிறகு அடிப்பிடிக்கும் என்பதால் கையை எடுக்கவே கூடாது. டிகாக்‌ஷன் ஊற்றுவதானால் இந்தக் கட்டத்தில் ஊற்றலாம். அந்தக் கசப்பு, இனிப்பு திகட்டாமல் பார்த்துக்கொள்ளும். கரண்டியால் வாணலியின் நடுவே கோடு இழுத்தால் உடனே மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும், ஓரத்தில் எண்ணெய் பிரிய வேண்டும். அதுதான் பதம்.

உப்புக்கண்டம் சேர்க்க...

உப்புக்கண்டத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கூடுதல் உப்பு அதோடு போய்விடும். புதுத் தண்ணீர் விட்டுக் குக்கரில் நான்கு விசில் விட்டு, வெந்ததும் உரலில் லேசாக இடித்துப் பஞ்சு போலப் பிரித்துக்கொள்ளுங்கள். தனியாகக் கொஞ்சம் எண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்து, தயாரான தொக்கில் கொட்டி ஐந்து நிமிடம் கிளறினால் போதும். கறியிலேயே உப்பு இருப்பதால், மேற்கொண்டு உப்பு வேண்டுமா என்பதை ருசி பார்த்து முடிவு செய்யுங்கள்.

பேக்கன் கிடைக்கிறவர்கள் 150 கிராம் எடுத்துப் பொடியாக நறுக்கி, எண்ணெய் ஊற்றாமல் சிறு தீயில் வறுத்தால் அதன் கொழுப்பே போதுமான அளவு வடியும். அதிலேயே வெங்காயத்தை வதக்கலாம், நல்லெண்ணெய் தேவைப்படாது. மாசிக்கருவாடு என்றால் இடித்த தூள் இரண்டு டேபிள்ஸ்பூன் போதும். வெங்காயம் பாதி வதங்கியதும் சேர்த்துவிடலாம்.

எத்தனை நாள் வைக்கலாம்?

'எண்ணெய் மிதந்தால் கெடாது' என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஊறுகாய்க்கு அது சரி. அங்கே உப்பும் புளிப்பும் மிக அதிகம். கறி கலந்த தொக்குக்கு அந்தக் கணக்கு செல்லாது.

காற்றுப் படாத இடத்தில்தான் வளரும் ஒரு பாக்டீரியா உண்டு. பெயர் குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம். மேலே மிதக்கும் எண்ணெய் காற்றை அடைத்து, அதற்கு வசதி செய்து கொடுத்துவிடும். அது உண்டாக்கும் நஞ்சு நரம்புகளைத் தாக்கக்கூடியது. வாசனையிலோ ருசியிலோ மாற்றம் தெரியாமலேயே அது உணவில் இருக்கலாம். புளிப்பு போதிய அளவு இருந்தால் அந்தப் பாக்டீரியா வளராது. ஆனால், வீட்டில் கரைக்கும் புளி எவ்வளவு புளிப்பு என்று நாக்கால் அளந்து சொல்ல முடியாது. பொதுவாகவே 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் உணவுக் கிருமிகள் வேகமாகப் பெருகும். திருப்பூரின் கோடைப் பகல் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

அதனால் ஒரே வாணலியில் கிளறினாலும் இரண்டு பாட்டிலாகப் பிரித்து வையுங்கள்.

முதல் பாட்டில், வெங்காயம் மட்டும். ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் வரை வைக்கலாம். லைன் வீட்டு ஒற்றை அறையில் ஃப்ரிட்ஜ் இல்லாமல் இருப்பவர்கள் கால் கிலோ வெங்காயத்தில் செய்து, இரண்டு நாளில் தீர்த்துவிடுவது நல்லது. மதிய டப்பாவுக்கு இந்தப் பாட்டில்தான்.

இரண்டாவது பாட்டில், கறி சேர்த்தது. ஆறியதும் நேராக ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும், நான்கு நாளில் காலியாக வேண்டும். அதிக நாள் வேண்டுமென்றால் சின்னச் சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துச் சூடாக்கிக்கொள்ளலாம். இதைக் காலை உணவோடு முடித்துக்கொள்ளுங்கள். கம்பெனியில் மதியம் வரை பையில் கிடக்கும் டப்பாவுக்கு இது வேண்டாம். ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் உப்புக்கண்டத்தை உலர்ந்தபடியே பாட்டிலில் வைத்திருந்து, விடுமுறை நாளில் அன்றைக்குத் தேவையானதை மட்டும் சமைத்துக் கலந்துகொள்ளலாம்.

இரண்டுக்கும் ஈரமில்லாத பாட்டில், ஈரமில்லாத கரண்டி கட்டாயம்.

அளவு முக்கியம்

உப்பு, இனிப்பு, எண்ணெய் மூன்றும் கூடிய பண்டம் இது. ஒரு வேளைக்கு இரண்டு டீஸ்பூன் போதும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்புக்கண்டத்தைத் தவிர்ப்பது நல்லது. கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான் என்பதை நீரிழிவு உள்ளவர்கள் மறக்கக் கூடாது. உப்பிட்டும் புகைபோட்டும் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய்க்குக் காரணமானவற்றின் பட்டியலில் 2015-ல் சேர்த்தது அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. தினமும் 50 கிராம் சாப்பிட்டு வந்தால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவிகிதம் கூடும் என்பது அதன் கணக்கு. எனவே கறி பாட்டில் எப்போதாவது ஒரு விருந்துக்கு, வெங்காய பாட்டில் வாரம் முழுவதற்கும் என்று வைத்துக்கொள்வதே நல்ல ஏற்பாடு.

எதற்கெல்லாம் தொட்டுக்கொள்ளலாம்?

சுட்ட பிரெட்டில் முதலில் ஊத்துக்குளி வெண்ணெயைத் தடவி, அதன்மேல் இந்தத் தொக்கைத் தடவிப் பாருங்கள். உப்பில்லாத வெண்ணெயும் காரசாரமான வெங்காயமும் அப்படி ஒட்டிக்கொள்ளும். கம்பு தோசைக்கும் ராகிக் களிக்கும் பிரமாதம். சப்பாத்திக்குள் சுருட்டிக் கொடுத்தால் பிள்ளைகள் டப்பாவை மிச்சம் வைக்காமல் கொண்டுவருவார்கள். வடமாநிலத்திலிருந்து வந்து பக்கத்து அறையில் தங்கியிருக்கும் தொழிலாளிக்கு ஒரு கிண்ணம் கொடுத்துப் பாருங்கள், அவருடைய ரொட்டிக்கும் இது பொருந்தும்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கி வரும் வழியில் ஒரு கிலோ சின்ன வெங்காயம் வாங்கிவிடுங்கள். ஞாயிறு மதியம் வீட்டில் இருக்கிறவர்கள் எல்லாரும் உட்கார்ந்து உரித்தால் கால் மணி நேர வேலை. கிளறும் முறை மட்டும் மாறி மாறி வரட்டும், ஒருவர் கையே வலிக்க வேண்டாம். திங்கள்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தப் பாட்டிலின் மூடியைத் திறக்கும்போது, அரை மணி நேரம் கூடுதலாகக் கையில் இருக்கும்.