பற்றரியில் மட்டும் பழி போடலாமா?

தோட்ட விளக்கு, ரோச், வானொலி, அழைப்பு மணி எனச் சூரிய ஒளியில் இயங்கும் சிறு கருவிகள் பல இன்று நம் வீடுகளில் உள்ளன. அவற்றில் ஒன்று நின்றுவிட்டால் "பற்றரி செத்துப் போச்சு" என்று சொல்லிப் புதியது வாங்கிப் போடுகிறோம். ஆனால் பழுது வேறிடத்திலும் இருக்கலாம்.

இத்தகைய சுற்றில் நான்கு பகுதிகள் உண்டு. சோலர் பனல் நீர்ப்பம்பி போன்றது. பற்றரி கூரைமேல் உள்ள தண்ணீர்த் தாங்கி. கருவி குழாய். பனலுக்கும் பற்றரிக்கும் இடையிலுள்ள இருவாயி ஒருவழி வால்வு. இரவில் பற்றரியிலிருந்து மின்னோட்டம் பனலுக்குத் திரும்பாமல் அதுவே தடுக்கிறது. தாங்கி வெறுமையானால் நான்கையும் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டு மணியையே உதாரணமாகச் சொல்கிறேன். பாரிசவாதம் வந்தபின் உம்மம்மாவால் சத்தமாகக் கூப்பிட முடியாது. 2022 மின்வெட்டுக் காலத்தில் மாமா இந்த மணியை உம்மாவின் அறையில் பொருத்தி, பனலை முற்றத்துக் கம்பமொன்றில் கட்டித் தந்தார். கடந்த வருடம் கூரை மாற்ற வந்தவர்கள் பனலைத் தகரத்தின் மேல் படுக்க வைத்து ஒட்டிவிட்டுப் போனார்கள். சில வாரங்களின் பின், சுபஹுக்கு முன்பு உம்மம்மா அழுத்தி அழுத்திப் பார்த்தும் மணி ஒலிக்கவில்லை. விடியும்வரை தண்ணீர் கேட்க வழியில்லாமல் கிடந்திருக்கிறார். வாப்பா புதிய பற்றரிகள் வாங்கிப் போட்டார். எட்டாம் நாள் மணி மீண்டும் நின்றது.

பல்மானியை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன்.

முதலில் பற்றரி. 600 மில்லியம்பியர் மணித்தியாலக் கொள்ளளவுள்ள மூன்று நிக்கல் உலோக ஐதரைட்டுக் கலங்கள் அதில் உள்ளன. அவற்றை வெளியே சார்ஜ் செய்து, பனல் இல்லாமல் இணைத்தேன். மணி நான்கு நாள் குறையின்றி இயங்கியது. ஆகவே பற்றரி நல்லது.

அடுத்து மணி. அது எடுப்பது 5 மில்லியம்பியர். 24 மணித்தியாலத்துக்கு 120 மில்லியம்பியர் மணித்தியாலம். இதுவும் அதிகமில்லை.

பின்னர் பனல். தூசு துடைத்து, இணைப்பைக் கழற்றி அளந்தேன். காலையில் 5.6 வோல்ற்று. உச்சி வெயிலில் 4.9 வோல்ற்று! வெயில் கூடியும் வோல்ற்றளவு ஏன் குறைந்தது? சிலிக்கன் சூரியக்கலம் சூடேறும்போது ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 2 மில்லிவோல்ற்றை இழக்கும். எங்கள் பனலில் 10 கலங்கள் தொடராக உள்ளன. கொதிக்கும் தகரத்தில் வெப்பநிலை 35 பாகை உயர்ந்தால் இழப்பு 0.7 வோல்ற்று.

கடைசியாக இருவாயி. சாதாரண சிலிக்கன் இருவாயியில் இன்னும் 0.7 வோல்ற்று அளவில் குறையும். மீதி 4.2 வோல்ற்றுத்தான். பற்றரி நிறையும்போது அதன் வோல்ற்றளவும் அதற்குக் கிட்ட வந்துவிடுவதால் மின்னோட்டம் புகுவது கடினம். நண்பகலில் பனலிலிருந்து வந்தது 15 மில்லியம்பியர் மட்டுமே. ஐந்து மணித்தியால வெயிலுக்கு 75. செலவோ 120. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கி வற்றியிருக்கிறது.

தீர்வு இரண்டு. பனலின் கீழே மரத்துண்டுகள் வைத்துக் காற்றோட்டம் கொடுத்தோம். பழைய இருவாயியைக் கழற்றி, 0.3 வோல்ற்று அளவே இழக்கும் ஷொட்கி இருவாயியைப் பற்றாசு வைத்து இணைத்தேன். இப்போது நண்பகலில் 55 மில்லியம்பியர் வருகிறது. சார்ஜ் ஆகும்போது மூன்றிலொரு பங்கு வீணானாலும் ஒரு நாளுக்கு 180க்கு மேல் சேர்கிறது. மழை நாளுக்கும் மிச்சம் உண்டு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இச்சோதனைகள் கையடக்கமான சிறு பனல்களுக்கு மட்டுமே. வீட்டுக்கு மின் தரும் பெரிய கூரைப் பனல்களின் வோல்ற்றளவு உயிராபத்தானது. அவற்றைப் பயிற்சி பெற்றவரே தொடவேண்டும். லிதியம் பற்றரியாயின் அதற்குரிய சார்ஜ் கட்டுப்பாட்டுச் சுற்று இல்லாமல் நேரே பனலில் இணைக்கக் கூடாது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படியொரு கருவி நின்றுபோய் மூலையில் கிடந்தால், எறியும் முன் வரவையும் செலவையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பௌதிகவியல் பாடத்தில் நாம் படித்த கூட்டலும் பெருக்கலுமே அதற்குப் போதும்.