குறைமாதக் குழந்தையின் கண்ணுக்கு 30 நாள் கெடு

1996-இல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில், 29 வாரத்திலேயே 1,250 கிராம் எடையுடன் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூன்று வாரங்களுக்கும் மேல் இன்குபேட்டரில் இருந்து, பிழைத்து, வீட்டுக்கும் போனது. பார்வை இல்லை என்பது நாலரை மாதத்தில்தான் தெரிந்தது. கண்ணைக் காட்டும்படி பெற்றோரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015 ஜூலையில் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பானது. தவறவிட்டதோ சில நிமிடங்களில் முடியும் ஒரு பரிசோதனை.

அந்தக் குழந்தையின் பார்வையைப் பறித்தது, மருத்துவமனைகளில் 'ஆர்.ஓ.பி.' என்று சொல்லப்படும் விழித்திரை நோய். கருவின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் 16-ஆவது வாரவாக்கில் வளரத் தொடங்கி, ஏறத்தாழ 40-ஆவது வாரத்தில்தான் ஓரம்வரை போய்ச் சேரும். முன்கூட்டியே பிறந்தால் அந்த வளர்ச்சி பாதியில் தடைபடுகிறது. குழாய் எட்டாத பகுதி சில வாரங்களில் ஆக்சிஜனுக்கு ஏங்க, புதுக் குழாய்கள் தாறுமாறாக முளைக்கின்றன. அவை கசிந்து, தழும்பாகிச் சுருங்கும்போது விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும்.

அளவுக்கு மீறிய ஆக்சிஜன் இதற்குக் காரணம் என்பது 1950-களிலேயே தெரிந்துவிட்டது. அதற்காக ஆக்சிஜனைப் பழிப்பதில் பொருளில்லை. அது இல்லாமல் இந்தக் குழந்தைகளில் பலர் பிழைத்திருக்க மாட்டார்கள். அளவில்தான் கவனம் வேண்டும். ஆக்சிஜன் கொடுக்கும்போது ரத்தத்தில் அதன் செறிவு பொதுவாக 90 முதல் 95 சதவீதத்துக்குள், அதிகம் ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். ரத்தத்தில் கிருமித்தொற்று, மூச்சுத்திணறல், ரத்தம் ஏற்றுதல், எடை சரியாக ஏறாமை ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும்.

யாருக்குப் பரிசோதனை? அமெரிக்காவில் பொதுவாக 1,500 கிராம் அல்லது அதற்குக் குறைவான எடை, அல்லது 30 வாரத்துக்குள் பிறப்பு என்பது வரம்பு. அதை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது. அதைவிடப் பெரிய குழந்தைகளுக்கும் இந்தியாவில் கடுமையான ஆர்.ஓ.பி. வருகிறது. ஆகவே இங்கே 2,000 கிராமுக்குக் குறைவான எடை, அல்லது 34 வாரத்துக்கு முன் பிறப்பு என வரம்பு வைத்திருக்கிறார்கள். 34 முதல் 36 வாரத்தில் பிறந்து மேற்சொன்ன சிக்கல்கள் இருந்தவர்களும் இதில் அடக்கம். முதல் பரிசோதனை பிறந்த 30 நாளுக்குள். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் 1,200 கிராமுக்குக் குறைந்தவர்களுக்கும் இரண்டு, மூன்று வாரத்திலேயே.

வெளியிலிருந்து பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும். அம்மா பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடியதல்ல இது. கண்ணின் பாவை விரியச் சொட்டு மருந்து விட்டு, குழந்தையைத் துணியில் சுற்றி, இமைகளைச் சிறு கம்பிக் கருவியால் விலக்கி, தலையில் மாட்டிய விளக்குடன் டாக்டர் உள்ளே பார்ப்பார். குழந்தை வீறிட்டு அழும். நாக்கில் இரண்டு சொட்டுச் சர்க்கரைக் கரைசல் வைத்தால் கொஞ்சம் அடங்கும். வாந்தி வரக்கூடும் என்பதால், பரிசோதனைக்குச் சற்று முன் பால் கொடுக்க வேண்டாம் என்பார்கள்.

ஒருமுறை பார்த்து "ஒன்றுமில்லை" என்றாலும் முடிந்துவிடாது. ரத்தக்குழாய் வளர்ச்சி முடியும்வரை வாரத்துக்கு ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ போக வேண்டும். பெரும்பாலோருக்கு நோய் தானாகவே தணிந்துவிடும். முற்றும் அறிகுறி தெரிந்தால் லேசர் அல்லது கண்ணுக்குள் ஊசி மருந்து. அதையும் இரண்டு மூன்று நாளுக்குள் செய்தாக வேண்டும். விழித்திரை முழுக்கப் பிரிந்தபின் அறுவை சிகிச்சை செய்தாலும் பார்வை திரும்புவது அரிது.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் எல்லார் கவனமும் எடை மீதும் தடுப்பூசி மீதும்தான் இருக்கும். குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தால், கண் பரிசோதனைத் தேதி டிஸ்சார்ஜ் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள்.