அளவுகோலின் மொழி: மூளைக்காய மறுவாழ்வில் இன ஏற்றத்தாழ்வு

மூளைக்காயம் என்றதும் அறுவை அரங்கும் அவசரப் பிரிவுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், காயமுற்றவரின் பிற்கால வாழ்வைப் பெரிதும் தீர்மானிப்பது அதன்பின் தொடங்கும் மறுவாழ்வுச் சிகிச்சையே. நடத்தல், விழுங்குதல், பேசுதல், நினைவில் இருத்துதல் ஆகியவற்றை அவர் மீண்டும் கற்கிறார். அமெரிக்காவில் இதற்கென உள்ள உள்நோயாளர் நிலையங்களில் பொதுவாக நாளொன்றுக்கு 3 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள்கள் பயிற்சி தரப்படுகிறது. அங்கு இடம் பெறாதவர், பயிற்சி குறைந்த பராமரிப்பு இல்லத்துக்கோ நேரே வீட்டுக்கோ செல்கிறார். யாருக்கு இடம் கிடைக்கிறது என்பதில்தான் இனமும் மொழியும் குறுக்கிடுகின்றன.

மூளைக்காய மறுவாழ்வுக்கென அந்நாட்டில் 1987இல் தொடங்கப்பட்ட முன்மாதிரி மையங்களின் தரவுகளும் வேறு மருத்துவமனைப் பதிவுகளும் நெடுங்காலமாக ஆராயப்பட்டுள்ளன. கறுப்பினத்தவரும் ஸ்பானிய மொழி பேசும் சமூகத்தாரும் மறுவாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்படும் வாய்ப்பு வெள்ளையரைவிடக் குறைவு என்றும், ஓராண்டுக்குப் பின் அவர்கள் வேலைக்குத் திரும்புவது குறைவு என்றும் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. காப்புறுதி இல்லாமை இதற்குப் பெருங்காரணம். எனினும், காப்புறுதியைக் கணக்கில் கொண்ட ஆய்வுகள் சிலவற்றிலும் இடைவெளி முற்றாக மறையவில்லை. எஞ்சியதற்கு மூளையின் இயல்பில் காரணம் தேடுவது வீண். மருத்துவரின் முன்முடிவு, மொழித் தடை, வீட்டருகே நிலையம் இல்லாமை, சோதனைகளின் அமைப்பு ஆகியவற்றையே நாம் நோக்கவேண்டும். இவற்றுள் இறுதியில் உள்ளது மொழி பயில்வோராகிய நமக்கு மிக நெருங்கியது.

அமெரிக்கக் காற்பந்து வீரர்களின் வழக்கு இதற்குத் தெளிவான சான்று. தலையில் மீண்டும் மீண்டும் அடிபட்டு அறிவாற்றல் குன்றிய முன்னாள் வீரர்களுக்கு இழப்பீடு வழங்க என்.எஃப்.எல். அமைப்பு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. வீரர் முன்பு இருந்த நிலையிலிருந்து எவ்வளவு குன்றினார் என்பதைக் கணிக்க, வயது, கல்வி ஆகியவற்றோடு இனத்தையும் சேர்த்து மதிப்பெண்கள் திருத்தப்பட்டன. கறுப்பினத்தவரின் சராசரி தாழ்வு என்று கொண்டதால், வெள்ளையர் ஒருவருக்குக் ‘குறைபாடு’ எனப்பட்ட அதே மதிப்பெண் கறுப்பினத்தவருக்கு ‘இயல்பு’ ஆகிவிட்டது. கெவின் ஹென்றி, நஜே டாவன்போர்ட் என்னும் இரு வீரர்கள் 2020இல் வழக்குத் தொடுத்தனர். 2021இல் அம்முறையைக் கைவிட அமைப்பு இசைந்தது. மறு ஆண்டு நீதிமன்றமும் மாற்றத்தை ஏற்றது. இத்திருத்தம் முதலில் நன்னோக்கோடு எழுந்தது என்பது வியப்பு. கல்வி வாய்ப்புக் குறைந்த நலமான மனிதரை நோயாளி என்று முத்திரையிடாமல் காக்கவே அது வகுக்கப்பட்டது. வாய்ப்பின்மையை அளக்கவேண்டிய இடத்தில் தோலின் நிறத்தை அளந்ததே பிழை.

இனத்தை நீக்கினாலும் மொழி நிற்கிறது. எண்களை வரிசையாகக் கேட்டுத் திரும்பச் சொல்வது நினைவாற்றலுக்கான பழைய சோதனை. 1980இல் எல்லிஸ், ஹென்னெலி ஆகிய இருவரும் வேல்ஸ் மொழியும் ஆங்கிலமும் அறிந்தோரை ஆராய்ந்து, அவர்கள் ஆங்கிலத்திலேயே மிகுதியான எண்களை நினைவில் கொள்வதைக் கண்டனர். வேல்ஸ் எண்களை உச்சரிக்க நேரம் அதிகம் பிடிப்பதே காரணம் என்பது அவர்தம் விளக்கம். தமிழை எண்ணிப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை ஏழைத் தவிர எல்லாம் ஒரே உயிரொலியில் முடிகின்றன. தமிழில் அத்தகைய எண் ஒன்றுகூட இல்லை. (யாப்பிலக்கண அசையை இங்குக் கொள்ளவேண்டா.) ஆங்கில அளவுகோலைத் தமிழ் எண்களுக்கு அப்படியே வைப்பது எத்துணைப் பொருந்தும்?

மற்றொரு சோதனையில், ஒரு குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் எஃப், ஏ, எஸ் ஆகியவை வழக்கம். தமிழில் ‘க’ என்று கேட்டால் ‘கல்’ சரி; ‘கிளி’ சரியா? ககர மெய்யை எண்ணுவதா, உயிர்மெய்யை எண்ணுவதா? இதை முன்கூட்டியே வரையறுக்காவிட்டால் ஒரே நோயாளிக்கு இருவர் இருவேறு மதிப்பெண் இடுவர். பெயர் சொல்லும் சோதனையிலும் இத்தகைய சிக்கல் உண்டு. 60 படங்கள் கொண்ட பாஸ்டன் சோதனையில் பனி வீடும் ஓக் மரக் கொட்டையும் இடம்பெறுகின்றன. தோட்டப்புறத்தில் வளர்ந்த ஒரு மூதாட்டி அவற்றை அறியாமை நோயன்று. அவரிடம் ரப்பரைக் காட்டினால் ‘கித்தா’ என்பார். மலாய்வழி வந்த அச்சொல் நம் வட்டாரத்தின் முறையான வழக்கே. பட்டியலில் இல்லையென்று அதைத் தவறாக்கலாகாது.

மொழிபெயர்ப்பு மட்டும் போதாது என்பதை மாண்ட்ரியாலின் மிஷெல் பராடி தம் இருமொழிப் பேச்சிழப்புச் சோதனையில் வலியுறுத்தினார். ஓரொலியில் வேறுபடும் ஆங்கிலச் சொல்லிணை தமிழில் பெயர்க்கப்பட்டால் அவ்வேறுபாடே மறைகிறது. தமிழுக்கு மலை–மழை, பல்லி–பள்ளி போன்றவற்றைத் தமிழிலிருந்தே எடுக்கவேண்டும். லகர, ளகர, ழகரங்களைப் பேச்சில் பிரிக்காதவர் பலர் என்பதையும் அப்போதே கருதவேண்டும்.

சோதனைத் தாள் இல்லாத இடத்தில் மகனோ மகளோ இடைநின்று மொழிபெயர்க்கின்றனர். அம்மா பொருளற்ற சொற்களைக் கோத்துப் பேச, மகன் அவர் சொல்லவந்ததை ஊகித்துச் செம்மையான ஆங்கில வாக்கியமாகத் தருகிறான். அன்பினால் செய்வதுதான். ஆனால் சிகிச்சையாளருக்கு வேண்டியது அந்தக் குழப்பமே. எந்தச் சொல் எதற்குப் பதிலாக வந்தது என்பதிலிருந்துதான் காயத்தின் தன்மை விளங்கும். தாய் உரைத்ததை ஒலி பிறழாமல் எழுதித்தர வகுப்பில் பயிற்சி பெற்ற ஒரு மாணவர், திருத்தம் செய்யாமல் அத்தாளை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லலாம்.