கார்ட்ஸ் மனப்பாடம் பண்றீங்களா? 4, 3 எண்ணத் தெரிஞ்சா பெயரை நீங்களே சொல்லலாம்!

ஆவடியில் ஒரு சனிக்கிழமை மாலை. மறுநாள் ஆராதனைக்குப் பாட்டுப் பயிற்சி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீபோர்டு வாசிப்பவருக்கு வாரம் முழுக்க அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட். கார்ட்ஸ் எல்லாம் யூடியூப் பார்த்துக் கற்றது. சி, ஏ மைனர், எஃப், ஜி என நான்கும் கைக்கு மனப்பாடம். திடீரென்று பாடுபவர், "ஒரு கட்டை ரொம்பக் கீழ இருக்கு, ரெண்டு கட்டைக்கு ஏத்திடுங்க" என்கிறார். கை அப்படியே நின்றுவிடுகிறது.

கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது, கிட்டாருக்கு கேப்போ இருக்கிறது. ஆனால் சாதாரண பியானோ முன்னால் உட்கார்ந்தால்? கைவிரல் வடிவம் மட்டும் தெரிந்தால் போதாது. கார்ட் எப்படி உருவாகிறது என்பதும் தெரிய வேண்டும்.

கார்ட்னா என்ன?

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலிப்பதுதான் கார்ட். அடிப்படை வகையில் மூன்று ஸ்வரங்கள்: ரூட், மூன்றாவது, ஐந்தாவது. கர்நாடக இசை கற்றவர்களுக்குச் சுலபமாகச் சொன்னால் ச, க, ப. முதல் பாடமான மாயாமாளவகௌளையில் வரும் ச, க, ப மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அது மேஜர் கார்ட்! கரகரப்பிரியாவின் ச, க, ப என்றால் மைனர். மாறியது காந்தாரம் மட்டும்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

1. ஒலிக்கும் ஸ்வரங்களை எழுதுங்கள். திரும்ப வருவதை அடித்துவிடுங்கள். கிட்டாரில் இ மைனருக்கு ஆறு கம்பியும் ஒலிக்கும்; ஆனால் ஸ்வரங்கள் இ, ஜி, பி மூன்றுதான்.

2. ஓர் எழுத்து விட்டு ஓர் எழுத்தாக அடுக்குங்கள். ஜி, சி, இ என்று இருந்தால் சி, இ, ஜி என்று வரும். முதலில் நிற்பதுதான் ரூட். எந்த ஸ்வரம் கீழே ஒலித்தாலும் பெயர் மாறாது. அந்த இடமாற்றத்துக்கு இன்வெர்ஷன் என்று பெயர்.

3. இப்போது இடைவெளியை எண்ணுங்கள். கீபோர்டில் கறுப்பு, வெள்ளை எல்லாக் கட்டைகளையும் சேர்த்து, கிட்டாரில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக.

- 4, பிறகு 3: மேஜர்
- 3, பிறகு 4: மைனர்
- 3, பிறகு 3: டிமினிஷ்டு
- 4, பிறகு 4: ஆக்மென்டட்

சி-யிலிருந்து இ வரை 4, இ-யிலிருந்து ஜி வரை 3. எனவே சி மேஜர். பலர் தவறுவது இங்கேதான்: தொடங்கும் கட்டையை ஒன்று என்று எண்ணக் கூடாது. அடுத்த கட்டைதான் ஒன்று.

பெயரை எப்படிப் படிப்பது?

வெறும் எழுத்து மட்டும் இருந்தால் மேஜர். பக்கத்தில் சின்ன 'எம்' இருந்தால் மைனர். 7 என்ற எண் இருந்தால் நான்காவதாக ஒரு ஸ்வரம் சேர்ந்திருக்கிறது. சி 7 என்றால் சி, இ, ஜி, பி ஃப்ளாட். நடுவில் இருக்கும் காந்தாரத்துக்குப் பதிலாக ரிஷபமோ மத்யமமோ வந்தால் அது சஸ். அதனால்தான் அது மேஜராகவும் கேட்காது, மைனராகவும் கேட்காது.

சினிமாவில் இது புதுசா?

இல்லை. மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர் இளையராஜா. 1976-இல் 'அன்னக்கிளி' மூலம் இசையமைப்பாளராக அறிமுகமானார். நாட்டுப்புற மெட்டுக்கும் ராகத்துக்கும் அடியில் கார்ட்ஸ் நகர்வதை இன்றும் அவர் பாடல்களில் கேட்கலாம்.

சரி, அந்த ஆவடி பாட்டு?

ஒரு கட்டை என்றால் சி, இரண்டு கட்டை என்றால் டி. நடுவே இரண்டு அரை ஸ்வர இடைவெளி. நான்கு ரூட்டையும் இரண்டு தள்ளினால் டி, பி மைனர், ஜி, ஏ. மேஜர் மேஜராகவே, மைனர் மைனராகவே இருக்கும். சந்தேகம் வந்தால் பி-யிலிருந்து எண்ணிப் பாருங்கள்: 3-இல் டி, அடுத்த 4-இல் எஃப் ஷார்ப். சரியாக வருகிறதா? அப்போ பாடுறவர் எந்தக் கட்டை கேட்டாலும் கை நிக்காது.