பின்னல் விக் அணிவோர் கவனத்திற்கு

கீமோதெரபி தொடங்கிய இரண்டு, மூன்று வாரங்களில் பலருக்கு முடி உதிரத் தொடங்குகிறது. பின்னல் வைத்த விக் அணியலாமா எனப் பெண்கள் பலர் கேட்கின்றனர். தாராளமாக அணியலாம். ஆயினும் பின்னலுக்கு எடை உண்டு. அது விக்கைப் பின்னோக்கி இழுப்பதால் நெற்றியோரத்திலும் காதுகளின் பின்புறத்திலும் தோல் உராய்ந்து புண்ணாகலாம். இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் அச்சிறு புண்ணே கிருமித் தொற்றுக்கு வழியாகிவிடும். எனவே இடுப்பளவுப் பின்னலைவிடத் தோளளவுப் பின்னலே நலம். உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி அணிந்து, அதனை நாள்தோறும் மாற்றுங்கள். உறங்கும்போது விக் வேண்டாம்.

கழுவுமுன் பின்னலை அவிழ்த்து, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். (தைத்தே வரும் சிறு பின்னல்களை அவிழ்க்கலாகாது.) மென்மையான ஷாம்பு கலந்த குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, அலசி, துண்டால் ஒற்றி, நிழலில் உலர்த்துங்கள். கசக்குவதும் பிழிவதும் கூடாது. தேங்காய் எண்ணெய் தடவினால் அழுக்குதான் சேரும். முற்றிலும் உலர்ந்த பின்னரே தளர்வாகப் பின்னுங்கள்.

செயற்கை இழை வெப்பத்தில் சுருங்கி உருகும். இட்லிப் பானையின் ஆவியே அதற்குப் போதும். அடுப்பருகே தொங்கும் பின்னலில் தீயும் பற்றக்கூடும். ஆகவே சமைக்கும்போது விக்கைக் கழற்றிவிட்டுப் பருத்தித் துணியைத் தலையில் கட்டிக்கொள்ளுங்கள். வீட்டாரின் முன் அவ்வாறு இருக்கக் கூசுவோர் உண்டு. அத்தயக்கத்தைப் போக்குவது உடனிருப்போரின் பொறுப்பு.

தலையில் கொப்புளமோ சீழோ தென்பட்டாலும், காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினாலும், இரவென்று பாராமல் உடனே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.