பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை

வானம் தெளிந்த நாளில் நெய்யாற்றின்கரைப் பகுதியிலிருந்து கிழக்கே நோக்கினால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். நெய்யாறு பிறக்கும் அகத்திய மலை அத்தொடரின் தென்பகுதியில் உள்ளது. அதே தொடரில் வடக்கே, இடுக்கி மாவட்டத்தின் மூணாற்றுக்கு அருகில், இரவிகுளம் என்னும் உயர்ந்த மேட்டுநிலம் இருக்கிறது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) இங்குதான் நிற்கிறது. 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்நிலம் 1978ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பள்ளங்களில் மட்டும் மரங்கள் அடர்ந்த சோலைகள் உள்ளன. மற்ற சரிவுகள் பெரும்பாலும் புல்வெளிகளே. அப்புல்வெளிகளில் வளரும் குறுஞ்செடியே நீலக்குறிஞ்சி.

பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களிலிருந்து செல்வோர் தொடர்வண்டியில் ஆலுவா வரை சென்று, அங்கிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர் சாலை வழியாக மூணாற்றை அடையலாம். பூங்காவுக்குள் சொந்த வண்டிகளுக்கு இடமில்லை. வனத்துறையின் பேருந்தில் ராஜமலை வரை சென்று, பின்னர் நடக்க வேண்டும். பாறைகளின் மேல் வரையாடுகள் அஞ்சாமல் மேய்வதைக் காணலாம். அவை குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்கா மூடப்படும்.

நீலக்குறிஞ்சி ஆண்டுதோறும் பூப்பதில்லை. பல ஆண்டுகள் இலையும் தண்டுமாக மட்டுமே நின்று, பன்னிரண்டாம் ஆண்டில் ஒரு மலைப்பகுதியின் செடிகள் யாவும் ஒரே பருவத்தில் பூக்கின்றன. பின்னர் விதைகளை உதிர்த்துவிட்டு அனைத்தும் மடிகின்றன. குலை தள்ளிய வாழையும் இவ்வாறே மடிகிறது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வாழையின் அடியில் கன்றுகள் இருக்கும். தாய்மரம் சாய்ந்தாலும் தோட்டம் அழியாது. குறிஞ்சிக்கு அடுத்த தலைமுறை என்பது விதை மட்டுமே. ஒருவர் ஒரு கொத்துப் பூவைப் பறித்தால், அச்செடி பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து பெறவிருந்த விதைகளைப் பறித்தவர் ஆகிறார்.

எல்லாச் செடிகளும் ஏன் ஒன்றாகப் பூக்க வேண்டும்? விதைகளைத் தின்னும் உயிர்கள் பல உள்ளன. ஒரே சமயத்தில் கணக்கற்ற விதைகள் உதிர்ந்தால் அவற்றால் அனைத்தையும் தின்று தீர்க்க இயலாது, எஞ்சியவை முளைத்துவிடும். இது ஒரு காரணம் என்று அறிவியலார் கருதுகின்றனர்.

1838ஆம் ஆண்டு முதல் இப்பூப்புக்குக் குறிப்புகள் உள்ளன. தமிழர் அறிந்ததோ அதற்கும் மிக முற்பட்டது. மலையும் மலை சார்ந்த இடமுமாகிய திணைக்குக் குறிஞ்சி என்றே பெயரிட்டனர். குறுந்தொகையின் மூன்றாம் பாடல், குறிஞ்சிப் பூவின் தேன் மிகுந்த மலைநாட்டைக் கூறுகிறது. மலையாளத்திலும் இப்பூவின் பெயர் நீலக்குறிஞ்சியே. வகுப்பில் அருகில் அமர்ந்திருக்கும் மலையாளத் தோழரிடம் இச்சொல்லை மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை!

ஒரு காலத்தில் பரந்து கிடந்த குறிஞ்சிப் புல்வெளிகள் இன்று மிகவும் சுருங்கிவிட்டன. தேயிலைத் தோட்டங்களும், யூகலிப்டஸ், வாட்டில் போன்ற அயல்நாட்டு மரங்களும் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. எஞ்சியவற்றைக் காக்க, 2006ஆம் ஆண்டில் வட்டவடை, கொட்டக்கம்பூர் பகுதியில் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. தமிழ் பேசும் மக்கள் வாழும் ஊர்கள் இவை. ஆனால் அறிவிப்பு மட்டுமே ஒரு செடியைக் காத்துவிடாது. 2024ஆம் ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் நீலக்குறிஞ்சியை அழியும் வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

இரவிகுளத்தில் கடைசியாக 2018இல் பூத்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதப் பெருவெள்ளத்தில் மூணாற்றுச் சாலைகள் சிதைந்தன. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. காண வருவோர் இல்லை என்பதற்காகக் குறிஞ்சி அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்குமா? மழையோடு மழையாகப் பூத்து, விதை உதிர்த்து முடித்துவிட்டது. எல்லா மலைகளுக்கும் இக்கணக்கு ஒன்றே அன்று. அதே மாவட்டத்தில் சாந்தன்பாறைக்கு அருகிலுள்ள கள்ளிப்பாறை மலையில் 2022இல் பூத்தது.

2018இன் விதைகளிலிருந்து முளைத்த செடிகள் இரவிகுளத்தில் இப்போது புல்லோடு புல்லாக நிற்கின்றன. பூ இல்லாத காலத்தில் அவற்றை அடையாளம் காண்பவர் சிலரே. வழியை விட்டு விலகி நடப்பவரின் காலடியில் அவை நசுங்கக்கூடும். அங்கு அடுத்த பூப்பு 2030ஆம் ஆண்டு, ஜூலை முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் எதிர்பார்க்கப்படுகிறது. 2018இல் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது பன்னிரண்டு.